எத்ரோக்: ஒரு காயின் பெயர் நடந்த வழி

கள்ளக்குறிச்சிச் சந்தையில் ஊறுகாய்க்கு வாங்கப்படும் புளிப்புக் காய்களுக்குப் பெயர் ஒன்றிரண்டல்ல. எலுமிச்சை எல்லாருக்கும் தெரியும். தோல் கசக்கும் நாரத்தை உண்டு. அதைவிடப் பெரிதாய்ச் சொரசொரவென்று இருப்பதைக் கிடாரங்காய் என்பார்கள். கடாரங்காய் என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்தக் குடும்பத்தில் இன்னொரு காய், சாறு சொற்பமாகவும் வெள்ளைச் சதை ஒரு விரற்கடை தடிப்பாகவும் இருக்கும். சித்த மருத்துவ ஏடுகள் அதற்குக் கொம்மட்டி மாதுளை என்று பெயர் வைத்திருக்கின்றன. நாம் பழமாக உரித்துத் தின்னும் செந்நிற மாதுளைக்கும் அதற்கும் உறவில்லை. உறவில்லாத இரண்டுக்கும் ஒரே பெயர் ஏன் வந்தது என்ற கேள்வி, எருசலேமில் கொண்டாடப்படும் ஒரு விழாவின் சட்டநூல் வரை நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது.

யூதர்களின் திஷ்ரி மாதம் பதினைந்தாம் நாள், முழுநிலவன்று தொடங்குகிறது சுக்கோத். நம் கணக்கில் புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும். ஏழு நாளும் வீட்டை விட்டு வெளியே ஒரு குடிலில் உண்ண வேண்டும், இயன்றால் உறங்கவும் வேண்டும். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த முன்னோர் குடில்களில் தங்கியதன் நினைவு அது. கூடவே அறுவடை முடிந்து களம் நிறைந்ததன் கொண்டாட்டம். குடிலுக்கு எபிரேயத்தில் சுக்கா. அதன் பன்மை சுக்கோத். தமிழ் விவிலியத்தில் இது கூடாரப் பண்டிகை ஆயிற்று. கூடாரம் என்றதும் நமக்குத் துணியும் கயிறும்தான் நினைவுக்கு வருகின்றன. சட்டம் கேட்பதோ மண்ணில் முளைத்து, வெட்டி எடுக்கப்பட்ட தழையால் வேய்ந்த கூரை. துணியால் மூடினால் அது சுக்காவே ஆகாது. குடில் என்றோ பந்தல் என்றோ சொல்லியிருந்தால் பொருள் நெருங்கியிருக்கும்.

அந்தக் குடிலின் கூரை 10 பிடி உயரத்துக்குக் குறையக் கூடாது, 20 முழத்துக்கு மேல் போகக் கூடாது. உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும். மரத்தடியில் கட்டினால் செல்லாது. வானத்துக்கும் கூரைக்கும் நடுவே வேறொன்றும் நிற்கக் கூடாது. மழை வந்தால்? கிண்ணத்தில் இருக்கும் கூழ் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. சட்டத்துக்குள் ஒரு கூழ்க்கிண்ணத்தை அளவுகோலாக வைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

இந்த விழாவில் கையில் ஏந்தி ஆட்டுவதற்கு நான்கு தாவரங்கள் வேண்டும். லூலாவ் என்ற விரியாத பேரீச்சங் குருத்து, மிர்ட்டில் கொப்பு, ஆற்றோரத்து அலரியின் கிளை, ஒரு பழம். முதல் மூன்றைச் சேர்த்துக் கட்டி வலக்கையிலும் பழத்தை இடக்கையிலும் பிடிப்பார்கள். அந்தப் பழத்தின் பெயர்தான் எத்ரோக். நம் கொம்மட்டி மாதுளையின் இனம். தாவரவியலில் சிட்ரஸ் மெடிக்கா.

இந்தப் பெயர் யூத வேதமான தோராவில் இல்லை என்பதுதான் முதல் வியப்பு. லேவியராகமம் 23ஆம் அதிகாரம் ‘ஹதார்’ மரத்தின் கனி என்று மட்டும் சொல்கிறது. ஹதார் என்றால் அழகு, சிறப்பு. எந்த மரம்? சொல்லவில்லை. பிற்காலத்து அறிஞர்கள் அந்த ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதில் ஒருவர் அதை ஆட்டுத்தொழுவத்தைக் குறிக்கும் ‘ஹதிர்’ என்ற சொல்லோடு இணைக்கிறார்: தொழுவத்தில் பெரியதும் குட்டியும் சேர்ந்து நிற்பது போல, இந்த மரத்தில் பழைய காயும் புதுப் பிஞ்சும் சேர்ந்தே நிற்கும். இன்னொருவர் ‘ஹ தார்’ என்று பிரித்து, ஆண்டு தாண்டியும் தன் மரத்திலேயே குடியிருப்பது என்கிறார். மூன்றாமவர் பென் அஸ்ஸாய். கிரேக்கத்தில் தண்ணீருக்கு ‘ஹூதோர்’ என்பார்கள், எல்லா நீரும் குடித்து வளரும் மரம் இது என்று கிரேக்கத்தைத் துணைக்கு அழைக்கிறார். மூவரும் ஒரே பழத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்லைப் பிரிக்கிறார்கள். மரபு முன்பே முடிவு செய்துவிட்டது. சொல்லாராய்ச்சி பின்னால் ஓடி வருகிறது. தோராவை அரமேயத்தில் பெயர்த்த ஓன்கெலோசு சுற்றி வளைக்காமல் எத்ரோக் என்றே எழுதிவிட்டார்.

ஆக, வேதம் பெயர் சொல்லாமல் விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்த இந்தச் சொல் எபிரேயத்துக்குச் சொந்தமானதல்ல. வந்தேறிச் சொல். அது வந்த வழியைக் காட்டும் நல்ல சாட்சி பாபிலோனியத் தல்மூதிலேயே இருக்கிறது, ஒரு வாய்ச்சண்டையாக. ரவ் நஹ்மான் தம் வீட்டுக்கு வந்த ரவ் யெஹூதாவிடம், ‘எத்ரோங்கா’ சாப்பிடுகிறீர்களா என்று உபசரிக்கிறார். வந்தவருக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. எத்ரோங்கா என்று சொல்கிறவனிடம் கர்வத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று ஆசான் சாமுவேல் சொல்லியிருக்கிறாரே. அறிஞர்களைப் போல எத்ரோக் என்று சொல்லும், அல்லது ஊர்ச்சனத்தைப் போல எத்ரோகா என்று சொல்லும் என்று கடிந்துகொள்கிறார். பாரசீக ஆட்சியின் கீழிருந்த பாபிலோனில், மேட்டுக்குடிப் பேச்சில் புழங்கிய பாரசீக வாசனை கொண்ட உச்சரிப்பு அந்த எத்ரோங்கா. கர்வம் என்று தள்ளப்பட்ட அந்த ‘ங்’ ஒலிதான் நமக்கு வேண்டிய தடயம்.

பாரசீகத்தின் நடுக்கால வடிவம் வாத்ரங். பிற்காலத்தில் அது துரஞ்ச் ஆயிற்று. அரபியில் உத்ருஞ்ஜ், உத்ருஜ்ஜ். குர்ஆனில் வரும் யூசுபின் அழகைப் பார்த்து மலைத்த பெண்கள், பழத்தை அறுக்கிறோம் என்று விரலை அறுத்துக்கொண்டார்களே, அது துரஞ்ச் என்று பாரசீகப் புலவர்கள் பாடிவிட்டார்கள். பாரசீகக் கம்பளத்தின் நடுவில் இருக்கும் பெரிய பதக்க வடிவுக்கும் இன்றுவரை துரஞ்ச் என்றே பெயர். அரபி வழியாக ஸ்பெயினுக்குப் போன சொல் தொரொஞ்சா ஆகி, இப்போது அங்கே வேறொரு பழத்தைக் குறிக்கிறது. குர்ஆன் ஓதும் இறைநம்பிக்கையாளருக்கு உத்ருஜ்ஜாவை உவமையாக்கும் நபிமொழி ஒன்று உண்டு: சுவையும் நல்லது, மணமும் நல்லது. லேவியராகமத்துக்கான யூத விரிவுரையும் இதே பழத்தின் சுவையையும் மணத்தையும் எடுத்து, கல்வியும் நற்செயலும் சேர்ந்தவருக்கு ஒப்பிடுகிறது. இரண்டு சமயத்தாரும் ஒரே பழத்தை மோந்து பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பாரசீகத்துக்குக் கிழக்கே வந்தால் சமஸ்கிருதத்தில் மாதுலுங்க. சரகர், சுசுருதர் மருத்துவ நூல்களில் வரும் சொல். மராத்தியில் மஹாளுங்க, கோலாப்பூர் மகாலட்சுமியின் கையில் இருப்பதாகச் சொல்லப்படும் காய் இதுதான். மாதுலுங்க என்பதன் முதலெழுத்து பாரசீகத்தில் ‘வ’ ஆகி, லகரம் ரகரமாகி, வாத்ரங் பிறந்தது என்பது பல மொழியறிஞர்கள் ஏற்கும் வழி. அதற்கும் பின்னால் போனால் தெற்கே வந்து சேர்கிறோம். கன்னடத்தில் மாதள என்றால் சிட்ரஸ் மெடிக்காதான். தெலுங்கில் மாதீபலம். மலையாளத்தில் மாதளம் என்பது மாதுளைக்கும் ஆகும். மாதள நாரங்ங என்றால் நம் காய். தமிழில் மாதுளம், மாதுளை. பெரும்பாணாற்றுப்படையில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய்த் துண்டத்தை மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து விருந்தினருக்கு இடுகிறார்கள். அந்த மாதுளத்தைக் கொம்மட்டி மாதுளை என்றே உரை கொள்கிறது. பசுங்காயை வெண்ணெயில் வதக்கி மிளகு சேர்ப்பது புளிப்புக் காய்க்குப் பொருந்தும் பக்குவம்தானே. ஒரு காலத்தில் மாதுளம் என்ற சொல்லே இந்தக் காய்க்கு உரியதாய் இருந்து, பின்னர் செம்முத்துப் பழம் அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது என்பது என் எண்ணம். பெயரை இழந்த காய், தும்மட்டி இனத்துக் கொம்மட்டியை அடைமொழியாகச் சேர்த்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது அந்த ‘ங்’கைப் பார்ப்போம். மாதுளம் என்பதோடு காய் சேர்ந்தால் தமிழில் மாதுளங்காய். மகர ஈறு ககரத்தின் முன் ஙகரமாகத் திரிவது நம் புணர்ச்சியில் அன்றாடம் நடப்பது. மரம், கிளை சேர்ந்தால் மரக்கிளை ஆவது ஒரு வழி, இது இன்னொரு வழி. சந்தைக்கு வந்த அயலூர் வணிகனுக்கு மரத்தின் பெயர் வேறு, காய் என்ற சொல் வேறு என்று பிரித்துக் கேட்கத் தெரியாது. விற்கிறவர் வாயில் வருவது முழுதும் அவனுக்குப் பெயர். அப்படித்தான் நம் ‘ங்காய்’ ஒட்டிக்கொண்டே வெளிநாடு போயிருக்கிறது.

இது ஒரே ஒரு சொல்லை வைத்துச் சொல்வதல்ல. மாங்காய், மலாயில் மங்க்கா ஆகி, போர்ச்சுகீசியரிடம் மாங்கா ஆகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. நாரங்காய் சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ஜ், ஸ்பெயினில் நரஞ்சா. பிறகு முன்னெழுத்தான நகரத்தை வழியில் தொலைத்துவிட்டு ஆரஞ்சு என்ற பெயரில் நம்மிடமே திரும்பி வந்து, கள்ளக்குறிச்சிப் பழக்கடையில் நாரத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நாரம் என்பது நாறு என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள். பழந்தமிழில் நாறுதல் என்றால் மணத்தல். கத்தரிக்கு வழுதுணங்காய் என்று ஒரு பெயர் இருந்தது. அது வடக்கே வாதிங்கண, பாரசீகத்தில் பாதிங்கான், மேலும் திரிந்து பிரெஞ்சில் ஓபர்ஜீன். இந்த வரிசையில் மாதுளங்காயையும் எத்ரோங்காவையும் வைத்துப் பார்த்தால், அவற்றின் இடம் தானாகவே தெரிகிறது. ரவ் நஹ்மானின் வாயில் கர்வமாய் ஒலித்தது நம் புணர்ச்சி விதி.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைப்பது சரியில்லை. மாதுலுங்க என்ற சொல்லின் பிற்பாதியை முண்டா போன்ற ஆஸ்திரோ-ஆசிய மொழிகளோடு இணைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மரம் பிறந்த இடமும் தெற்கு அல்ல. சிட்ரஸ் இனங்களின் மரபணு ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தபோது, அவற்றின் தொட்டில் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாம், வடமியன்மார், யுன்னான் பகுதி என்று காட்டியது. ஆனால் மரம் ஓரிடத்திலும் பெயர் ஓரிடத்திலும் பிறப்பது அரிதல்ல. மிளகாய் நம் மண்ணில் பிறக்கவில்லை, பெயர் நம்முடையது. ‘ங்காய்’ வரிசை இவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கும்போது, தெற்கத்தி மூலத்தைத் தள்ளிவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சொல் போன பாதை தரையா, கடலா? காய் பெரும்பாலும் தரைவழியே போயிருக்க வேண்டும். கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கத் தாவரவியலார் தியோஃப்ராஸ்டஸ் இதை மீதிய நாட்டு ஆப்பிள் அல்லது பாரசீக ஆப்பிள் என்று விவரிக்கிறார். மெடிக்கா என்ற அறிவியல் பெயரில் இருப்பது மருந்து அல்ல, மீதியா நாடு. எருசலேமுக்குத் தெற்கே ராமத் ராகேலில், பாரசீகர் காலத்து அரண்மனைத் தோட்டத்தின் சுவர்ப்பூச்சில் சிக்கியிருந்த மகரந்தத்தை ஆராய்ந்த டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் தாஃப்னா லங்கூட்டும் அவர் குழுவினரும் அதில் இந்தச் செடியின் மகரந்தத்தைக் கண்டார்கள். சுவர் பூசும்போது பக்கத்தில் மரம் பூத்திருந்ததால், ஈரச் சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

கடல்வழியில் வேறு சொற்கள் போயின. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கி’யைத் தமிழ்த் தோகையோடும், ‘அஹலோத்’ என்ற நறுமணக் கட்டையை அகிலோடும் கால்டுவெல் இணைத்துக் காட்டியது தமிழ் வாசகர்களுக்குப் பழகிய செய்தி. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹயிம் ராபின், 1968இல் சென்னையில் கூடிய இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின் கருத்தரங்குக்காக இதே பொருளில் ஒரு கட்டுரை எழுதினார்: எபிரேய வேதத்தின் கடன்சொற்களிலிருந்து தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் இருந்த வணிகத்தை அறிவது பற்றி. அந்த மாநாடு என்றதும் கடற்கரைச் சிலைகளும் ஊர்வலமும்தான் நமக்கு நினைவிருக்கின்றன. இப்படியொரு கட்டுரை வந்ததைப் பள்ளியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

பெயர் ஊன்றிய பிறகு அந்தப் பழத்தின் வாழ்க்கை யூத வரலாற்றோடு பின்னிக்கொண்டது. அரசரும் தலைமைக் குருவுமான அலெக்சாண்டர் ஜன்னேயுஸ் விழாவன்று பலிபீடத்தருகே நின்றபோது, வெறுப்புற்ற மக்கள் கையிலிருந்த பழத்தாலேயே அவரை எறிந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதுகிறார். உரோமருக்கு எதிரான முதல் கிளர்ச்சியின் நான்காம் ஆண்டில், கி.பி. 69-70இல், அடித்த காசுகளில் எத்ரோக் இருக்கிறது. இரண்டாம் கிளர்ச்சித் தலைவர் பார் கொக்பா (132-135) போர் நடுவிலும் நான்கு தாவரங்கள் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். 1960இல் யிகாயேல் யாதின் சாக்கடலை ஒட்டிய குகையில் அந்தக் கடிதக் கட்டைக் கண்டெடுத்தார். அரமேயக் கடிதத்தில் பழத்துக்கு எத்ரோக் என்ற பெயர். இதே வேலைக்காகக் கிரேக்கத்தில் எழுதிய இன்னொரு கடிதத்தில் கித்ரியா. சிட்ரஸ் என்ற சொல்லின் உறவு அது. ஒரே முகாமில் ஒரே பழத்துக்கு இரண்டு திசையிலிருந்து வந்த இரண்டு பெயர்கள்.

சட்டம் இந்தப் பழத்தைப் பார்க்கும் பார்வை மிகக் கண்டிப்பானது. திருடியது ஆகாது. உலர்ந்தது ஆகாது. முதல் நாளன்று பழம் ஏந்துகிறவருடைய சொந்தப் பொருளாக இருக்க வேண்டும், இரவல் கூடாது. மரம் நட்ட முதல் மூன்றாண்டுக் காய் ஆகாது. எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதில் ஒருவர் அக்ரூட் கொட்டை அளவு என்றும் மற்றவர் முட்டை அளவு என்றும் மிஷ்னாவில் வாதிடுகிறார்கள். பூவிதழ் உதிர்ந்த முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தாம் என்ற சிறு காம்பு இருந்து ஒடிந்துபோனால் பழம் தகுதி இழக்கும். ஆகையால் நாரில் பொதிந்து பெட்டியில் வைத்துக் காப்பார்கள். கடைசிக் கண்டிப்பு, ஒட்டுப்போட்ட மரம். எலுமிச்சை அடிமரத்தில் ஒட்டுக் கட்டிய எத்ரோக் செல்லாது என்ற விவாதம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வலுத்து, 19ஆம் நூற்றாண்டில் கோர்ஃபு தீவுப் பழத்தை வாங்கலாமா கூடாதா என்ற பெரும் வழக்காக வெடித்தது. நாற்றங்கால் வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும்: இந்த மரத்துக்கு ஆயுள் குறைவு, நோய் எளிதில் பிடிக்கும், ஒட்டுக்கட்டினால் தாங்கும். அந்த வசதியை விட்டுக்கொடுத்து, விதையிலோ போத்திலோ பல நூற்றாண்டுகள் அதன் குலத்தைக் காத்தது ஒரு சமயச் சட்டம்.

நம் பக்கத்தில் யூதர் வாழ்ந்த ஊர்களில் இந்த விழா எப்படி இருந்தது? கொச்சியில், 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றியிருந்த வீடுகளில், தென்னங்கீற்று வேய்ந்த சுக்காக்கள் எழுந்தன. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர் விழாக்களுக்கு மராத்தியில் தங்கள் பெயரே வைத்திருந்தார்கள். திஷ்ரி மாதத் தொடக்கத்தில் புதுத் தானியப் பாயசம் வைக்கும் நாள் கீரிசா சண், பாயசப் பண்டிகை. கூடார விழாவின் எச்சம் அது என்று கருதுகிறவர்கள் உண்டு. சென்னையில் 1688இல் மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் மூவர் வைர, பவழ வணிகம் செய்த போர்ச்சுகீசிய யூதர்கள். ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு அந்த வணிகத்தின் பெயரைச் சுமக்கிறது. தமிழ்க் கிறித்தவர்களிடம் இந்த விழாவின் ஒரு துண்டு இன்றும் உயிரோடு இருக்கிறது: குருத்தோலை ஞாயிறு. ஓலையை ஏந்தி ஓசன்னா பாடும் அந்தக் காட்சி சுக்கோத்தின் குருத்தையும் அதன் ஹோஷனா மன்றாட்டையும் ஒத்தது. விரியாத ஓலைக்குக் குருத்து என்ற தனிச்சொல் நம்மிடம் இருந்ததால், எபிரேயத்தின் லூலாவுக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் தமிழில் கிடைத்தது.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையில் ஜெப ஆலயம் இருந்ததில்லை. ஆனாலும் சுக்கா சட்டத்தை மலையாளிப் பழங்குடியினரிடம் வாசித்துக் காட்டினால் பெரும்பகுதி விளங்கும் என்று நம்புகிறேன். சாமையும் தினையும் கதிர் பிடிக்கும்போது பறவையும் பன்றியும் வராமல் காக்கக் காட்டோரத்தில் பரண் கட்டி, தழை வேய்ந்து, இரவெல்லாம் அதில் கிடப்பது அவர்கள் பழக்கம். ஏசாயாவின் நூலில் திராட்சைத் தோட்டத்துக் காவல் குடிசையைக் குறிக்க வரும் எபிரேயச் சொல்லும் சுக்காதான். மழை மட்டும்தான் சிக்கல். விழாவின் ஏழு நாளும் முடிந்த எட்டாம் நாள் யூதர்கள் மழைக்காக மன்றாடத் தொடங்குவார்கள். இஸ்ரவேல் நாட்டில் அது மழைப்பருவத்தின் வாசல். ஐப்பசியில் இந்த மலையின் வெள்ளிமலையில் கேட்கவே வேண்டாம், கோமுகி ஆறு பெருகிவரும்; கூழ்க்கிண்ண விதியை முதல் நாளிலேயே நாட வேண்டியிருக்கும்.

இந்த மலையில் எனக்கு வேண்டியிருப்பது வேறொன்று. மலையாளிகளின் பேச்சில் நாரத்தை, கிடாரங்காய், கொம்மட்டி மாதுளை இனங்களுக்கு என்னென்ன பெயர்கள் வழங்குகின்றன? பிஞ்சுக்கு ஒரு பெயர், பழுத்ததற்கு ஒரு பெயர் இருக்கிறதா? சேலம் பக்கம் கருமந்துறையில் சொல்வதும், இந்தப் பக்கம் வெள்ளிமலையில் சொல்வதும் ஒன்றா? கருமந்துறையில் அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. செடியின் ரகத்துக்குக் கணக்கு எழுதுவார்கள். பக்கத்திலேயே ஒரு பத்தி, ஊரார் அதற்குச் சொல்லும் பெயருக்கு ஒதுக்கலாம். கல்லூரிகளில் தமிழ் முதுகலை படிக்கும் மலையின் பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டே இதைத் தொகுத்துவிட முடியும். கன்னடத்து மாதளவைப் போல, இந்தக் காயையே வெறும் மாதுளம் என்று குறிக்கும் வழக்கு தமிழில் எங்காவது மிஞ்சியிருந்தால், அது இப்படியொரு மலைப்பேச்சில்தான் மிஞ்சியிருக்கும். அது கிடைத்தால் எத்ரோக்கின் சொல் வரலாற்றில் இப்போது ஊகமாக நிற்கும் தெற்கத்திக் கண்ணிக்குப் பேச்சுச் சான்று வந்துவிடும்.